காலி மனைக்குள் ஒரு கடிக்காரன்!

அம்பத்தூரிலும் ஆவடியிலும் புதர் மண்டிய காலி மனை இல்லாத தெரு உண்டா? அந்தப் புல்நுனியில், ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கே இருக்கும் செம்மஞ்சள் குட்டிப் பூச்சி ஒன்று உங்கள் காலுக்காகக் காத்திருக்கலாம், தெரியுமா?

அது கடித்தால் வரக்கூடிய நோய்தான் ஸ்க்ரப் டைபஸ்! செய்தித்தாள்களில் உண்ணிக் காய்ச்சல் என்று வருகிறதே, அதேதான். பாவம், நாயின் காதில் ஒட்டியிருக்கும் உண்ணிக்கு இந்த வழக்கில் சம்பந்தமே இல்லை. கடிப்பது அதைவிடப் பல மடங்கு சிறிய மைட் என்னும் பூச்சியின் குஞ்சு. அதுவும் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் எலியையோ மனிதரையோ கடிக்கும்! வளர்ந்தபின் மண்ணுக்குள் பூச்சி முட்டைகளைத் தின்று சாதுவாகக் காலம் தள்ளும். ஒரே கடியில் நோய் எப்படிப் பரவும்? தாயிடமிருந்து முட்டை வழியாகவே பாக்டீரியா வந்துவிடுகிறது. குஞ்சு பொரியும்போதே கிருமியோடு பொரிகிறது! பூந்தமல்லிப் பக்கம் மனை வாங்கிப் போட்டுவிட்டுப் பல வருஷமாக எட்டிப் பார்க்காத புண்ணியவான்களே, புதரும் ஈர மண்ணும் எலியும் இருந்தால் போதும், மைட்டுக்கு அந்த மனை சொர்க்கம்.

இந்தக் குஞ்சு ரத்தமும் குடிக்காது! எச்சிலால் தோலைக் கரைத்து அந்தச் சாற்றை உறிஞ்சும். கடித்தது தெரியவே தெரியாது. ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி. கடிபட்ட இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கருப்புப் பொருக்கு. எல்லோருக்கும் வராது, வந்தாலும் அக்குள், தொடையிடுக்கு, மார்புக்கு அடியில் என்று மறைவிடம் பார்த்தே உட்காரும். வலிக்காததால் நோயாளியும் சொல்ல மாட்டார், தேடினால்தான் அகப்படும்.

இன்னொன்று! வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலினை எத்தனை விழுங்கினாலும் இந்தக் கிருமி அசையாது. மலிவான டாக்ஸிசைக்ளினை டாக்டர் எழுதிக்கொடுத்தால் பெரும்பாலும் இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். நோய் முற்றியவர்களுக்கு? டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்தே நரம்பில் ஏற்றினால் தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்லது என்று 2023இல் உலகுக்குச் சொன்ன ஆய்வில் முன்னே நின்றது நம் வேலூர் சி.எம்.சி.!

இதையும் கேளுங்கள். 1948, கோலாலம்பூர். ஸ்க்ரப் டைபஸ் நோயாளிகளுக்குக் குளோராம்பெனிகால் என்ற புது மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். பிழைத்தார்கள்! ஸ்க்ரப் டைபஸ் என்று நினைத்து மருந்து கொடுத்தவர்களில் சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு. அதுவும் குணமானது. அதுவரை டைபாய்டுக்கு மருந்தே கிடையாது!