மிளகுக்குத் திறந்த கடல்

கொல்லிமலையைச் சுற்றியிருக்கும் நாமக்கல், துறையூர், முசிறி, ஆத்தூர் பக்கம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய பூமி. மழை பொய்த்த வருஷமெல்லாம் கங்காணிக்கு நல்ல வருஷம். முன்பணம் கொடுத்து ஊர் ஊராக ஆள் திரட்டுவார். மண்டபம் முகாமில் நோய்ச் சோதனை, அதன்பின் கடல் தாண்டித் தலைமன்னார். வழிச்செலவும் முன்பணமும் 'துண்டு' என்ற கடன்சீட்டாகத் தொழிலாளியின் தலையில் ஏறும். தோட்டம் மாறினால் கடனும் கூடவே மாறும். 1921இல்தான் அந்த முறையை ஒழித்தார்கள்.

இவர்கள் யாரும் திருட்டுத்தனமாகப் போகவில்லை. மண்டபம் முகாமை நடத்தியதே இலங்கை அரசு. ஆனால் 1948இல் சுதந்திரம் வந்த கையோடு ஒரு குடியுரிமைச் சட்டமும் வந்தது. அப்பனோ, இல்லையேல் பாட்டனும் பூட்டனுமோ தீவில் பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது. தோட்டத்து லயன் வீடுகளில் பிறந்தவர்களுக்கு ஏது பிறப்புச் சான்று? லட்சக்கணக்கானோர் நாடற்றவர்களானார்கள். 1949இல் ஓட்டும் போனது.

அந்தக் காலத்தில் இலங்கையின் ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கு மேல் தேயிலையே கொண்டுவந்தது. தேயிலை மீதான ஏற்றுமதி வரி கஜானாவை நிரப்பியது. இலவசக் கல்வியும் மலிவு அரிசியும் அந்தக் கஜானாவிலிருந்து வந்தவைதாம். ஆனால் கொழுந்து பறித்தவளுக்குக் குடியேற்றத் திட்டத்தில் நிலம் கிடையாது, அரசு வேலை கிடையாது. தோட்டத்துப் பள்ளிகளோ 1970கள் வரை தோட்டத்துரைமார் கையில் கிடந்தன. வந்தேறிகள் நாட்டுக்குப் பாரம் என்று பேசியவர்கள் இந்த வரவை எந்தப் பக்கத்தில் எழுதினார்கள்?

நிஜமாகவே கள்ளத்தோணியில் போனவர்களும் உண்டு. ராமநாதபுரம் கரையிலிருந்து இரவோடு இரவாகக் கடந்தார்கள். தடுக்க இலங்கை ராணுவம் 1952இல் தனி நடவடிக்கையே தொடங்கியது. 1963இல் அது சிறப்புப் படையாகி 1981 வரை நீடித்தது. ஆனால் பழி மொத்தமும் விழுந்தது, மூன்று தலைமுறையாக மலையில் கிடந்தவர்கள் மேல்.

சட்டவிரோதக் குடியேறிகளால் உள்ளூர்க் கூலி குறையும் என்பது எங்கும் கேட்கிற வாதம். 1980இல் கியூபாவிலிருந்து சுமார் 1,25,000 பேர் மியாமிக்கு வந்து இறங்கினார்கள். உள்ளூர்க் கூலி பெரிதாக அசையவில்லை என்றார் பொருளியலாளர் டேவிட் கார்டு. படிக்காத தொழிலாளிக்கு அடி விழுந்தது என்றார் இன்னொரு பொருளியலாளர் ஜார்ஜ் போர்ஹாஸ். சண்டை இன்னும் ஓயவில்லை. எனக்குத் தெரிந்தவரை, கூலியைக் குறைப்பது ஆள் வந்தது அல்ல. வந்த ஆள் போலீசுக்கும் தொழிலாளர் அலுவலகத்துக்கும் போக முடியாமல் இருப்பது. காகிதம் இல்லாதவன் மலிவு. அந்த மலிவில் முதலாளிக்கு லாபம், பக்கத்தில் வேலை செய்யும் உள்ளூர்க்காரனுக்கு நஷ்டம். ஆகவே எல்லையில் மட்டும் காவல் போட்டுவிட்டு ஆலைக்குள் எட்டிப்பார்க்காத அரசின் கோபத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்த நாடற்ற மனிதர்களைப் பங்கு பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாக்கிக்கொண்டார்கள். தாயகம் திரும்பியவர்களுக்காக 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அதுதான் இன்றைய டான்டீ. கடன் கொடுத்துத் தொழில் செய் என்று அனுப்பிய பலரும் கடைசியில் மறுபடி கொழுந்து பறிக்கவே மலை ஏறினார்கள்.

1983 இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அகதியாக வந்தவர்களில் மலையகத்தாரும் இருந்தார்கள். இன்றும் தமிழ்நாட்டு முகாம்களில் 50,000க்கு மேற்பட்டோர். பாஸ்போர்ட் இல்லாமல் வந்ததால் இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் கண்ணில் சட்டவிரோதக் குடியேறிகள். முகாமில் பிறந்து பட்டம் வாங்கிய பையன் பெயின்ட் அடிக்கப் போகிறான். 2021இல் முகாம்களுக்கென மாநில அரசு 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது, நல்ல காரியம். வீடு கட்டித் தரலாம், குடியுரிமை மாநிலத்தின் கையில் இல்லை.

கொல்லிமலைச் சில்வர் ஓக் மரங்களில் படரும் மிளகுக்கும் இதே கடலோடு ஒரு வழக்கு உண்டு. 2000இல் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கை வர்த்தக ஒப்பந்தத்தால் இலங்கை மிளகுக்கு வரிச்சலுகை கிடைத்தது. அதே வழியாக வியட்நாம் மிளகு இலங்கைச் சரக்கு என்ற பெயரில் உள்ளே வருகிறது என்று விவசாயிகள் கொதித்தார்கள். கிலோ 500 ரூபாய்க்குக் கீழ் இறக்குமதி கூடாது என்று டெல்லி உத்தரவு போட்டது 2017 டிசம்பரில். அந்த டிசம்பரில், முகாம்வாசிகள் குடியுரிமைக்குக் காத்திருக்கத் தொடங்கி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.