உறங்காத ஊற்றும் ஒரு வாசலும்

கல்லீரலுக்கு ஓய்வுநாள் கிடையாது. நாம் அயர்ந்து தூங்கும்போதும் அது பித்தநீரைச் சுரந்துகொண்டேயிருக்கிறது. ஒரு நாளில் முக்கால் லிட்டர் அளவுக்கு ஊறும் அந்த நீர், சுமார் 6 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரே நாளம் வழியாகக் குடலுக்கு வருகிறது.

நாளத்தைவிட அதன் வாசல்தான் என்னை அதிகம் வியக்கவைக்கிறது. முன்சிறுகுடலில் நாளம் திறக்கும் இடத்தில் ஒரு சுருக்குத் தசை காவல் இருக்கிறது. 1887-ல் இத்தாலியின் பெருஜியாவில் மருத்துவ மாணவராக இருந்த ருஜேரோ ஓடி அதை விவரித்தார். இன்றும் அது ஓடியின் தசைதான். நெய்ச்சோறு குடலில் இறங்கியதும் குடல்சுவர் ஒரு ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. அது எட்டியதும் பித்தப்பை சுருங்குகிறது, வாசல் தசை தளர்கிறது. ஆணை ஒன்றுதான், ஒருவருக்கு அது ‘இறுக்கு’, மற்றவருக்கு ‘தளர்த்து’! யார் சொல்லிவைத்தார்கள்? குடலில் எண்ணிலடங்காக் கிருமிகள் இருந்தும், வாசலுக்கு இந்தப் பக்கம் நாளத்துக்குள் பொதுவாகக் கிருமியே கிடையாது.

கணையத்தின் தலைப்பகுதியில் முளைக்கும் புற்றுக்கட்டி இந்த நாளத்தை நெரித்துவிட்டால் கண் மஞ்சளாகும். சிறுநீர் கறுக்கும், மலம் வெளுக்கும். ராத்தூக்கத்தைக் கெடுக்கும் அரிப்பு வேறு. இந்தோனேசியாவில் பிறந்து ஹாம்பர்கில் பணியாற்றிய நிப் சோஹேந்திரா, எண்டோஸ்கோபி வழியாக ஸ்டென்ட் என்னும் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செலுத்தி அடைப்பைத் தாண்டவைக்கும் முறையை 1979-ல் அறிவித்தார். வயிற்றைக் கிழிக்காமலே பித்தம் வழிந்தது.

ஆனால் அந்த ஸ்டென்ட் எண்டோஸ்கோப்பின் உள்வழியில் நுழைய வேண்டுமே! 3 மில்லிமீட்டரை ஒட்டிய அகலம்தான் வாய்த்தது. சில மாதங்களில் அதன் உட்சுவரில் புரதம் படியும். அதில் கிருமிகள் ஒட்டி வழுவழுவென்று ஓர் ஏடு கட்டும். பித்தக் கசடு சேர்ந்து அடைத்துவிடும். வழவழப்பான டெஃப்ளானில் செய்து பார்த்தார்கள், பக்கத் துளைகளை நீக்கிப் பார்த்தார்கள். அடைப்பு ஒழிந்தபாடில்லை. இயற்கையின் நாளமோ ஆயுள் முழுக்கத் தன் உட்சுவரைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது.

அடுத்து வந்தது உலோக வலை. நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் கம்பியில் பின்னிய அது, மடக்கிய குடைபோல மெல்லிய உறைக்குள் ஒடுங்கிச் செல்லும். உறையை உருவியதும் 10 மில்லிமீட்டருக்கு விரிய முயலும். அகலம் மும்மடங்கானால், அதே அழுத்தத்தில் பாயும் அளவு கணக்குப்படி 81 மடங்காகும். அதிலும் சிக்கல் உண்டு: வலைக்கண் வழியே கட்டி உள்ளே வளரும். அதைத் தடுக்க மெல்லிய உறை போர்த்தினால், பிடிமானம் குறைந்து ஸ்டென்ட் நழுவக்கூடும்.

எந்த ஸ்டென்டானாலும் வாசலைத் தாண்டி நீட்டிவைத்தால் கதவு திறந்தே கிடக்கும், குடல்கிருமி மேலேறும். அதற்காக ஒருவழி வால்வு பொருத்திய ஸ்டென்டுகளும் வந்தன. அந்த வால்வே சில சமயம் மக்கர் பண்ணியது. ஓடியின் தசையைச் செய்தவனிடம் நம் பொறியாளர்கள் இன்னும் பாடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இருந்தாலும் நோயாளிக்கு ஸ்டென்ட் பெரிய ஆறுதல். கட்டி அப்படியே இருந்தாலும் வழி திறந்ததும் தேங்கிய பித்தம் இறங்குகிறது. அரிப்பு தணிகிறது, மலத்துக்கு நிறம் திரும்புகிறது, கண்ணை மஞ்சளாக்கிய பிலிருபின் ரத்தத்தில் படிப்படியாகக் குறைகிறது. நின்றுபோயிருந்த கீமோதெரபியைத் தொடங்கப் பலருக்கு அப்போதுதான் நாள் குறிக்கிறார்கள்.