ஒரே பனித்தட்டில் ஐந்து ஆய்வுக் குழுக்கள்... ஆர்க்டிக்கில் ஓராண்டு மிதந்த கப்பல்!

ஆர்க்டிக் பனி உருகுகிறது என்ற செய்தியை அடிக்கடி படிக்கிறோம். பனியின் பரப்பு சுருங்குவது செயற்கைக்கோள் படங்களிலேயே தெரிகிறது. ஆனால், மிச்சமிருக்கும் பனி எவ்வளவு தடிமன்? இதற்குப் பதில் சொல்வது அத்தனை சுலபமில்லை.

கடல்மட்டத்துக்கு மேலே பனிக்கட்டி எவ்வளவு உயரம் தெரிகிறது என்பதை செயற்கைக்கோள் ரேடாரால் அளக்கும். அதை வைத்தே மொத்தத் தடிமன் கணக்கிடப்படும். பனிக்கட்டியின் மேல் பொழிந்து படிந்திருக்கும் வெண்பனி, ரேடார் அலையைப் பாதியிலேயே திருப்பிவிட்டால் கணக்கு தப்பிவிடும்.

அந்த வெண்பனி செய்யும் வேலை இது மட்டுமல்ல. போர்வை போல மூடிக்கொண்டு, கீழே பனிக்கட்டி வளர்வதைத் தாமதப்படுத்துகிறது. சூரிய ஒளியையும் மறைக்கிறது. பனிக்கட்டியின் அடியில் வாழும் நுண்பாசிகளுக்கு அந்த ஒளிதான் உணவுக்கு ஆதாரம். ஆக, வெண்பனியைப் புரிந்துகொள்ள இயற்பியலாளர் மட்டும் போதாது. வானிலை, கடல், உயிரியல் ஆய்வாளர்களும் வேண்டும். எல்லோரும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அளக்க வேண்டும்.

பனியோடு சேர்ந்தே மிதப்போம்!

அதற்காகப் புறப்பட்டதுதான் 'மோசைக்' பயணம். ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகனர் நிறுவனம் முன்னின்று நடத்த, மார்கஸ் ரெக்ஸ் தலைமை தாங்கினார். 20 நாடுகள் கைகோத்தன. 2019 செப்டம்பர் 20 அன்று நார்வேயின் ட்ரோம்சோ துறைமுகத்திலிருந்து 'போலார்ஸ்டெர்ன்' என்ற பனியுடைப்புக் கப்பல் கிளம்பியது.

அக்டோபரில் பெரிய பனித்தட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கப்பலை அதோடு பிணைத்தார்கள். அதன்பின் பனி போகிற போக்கில் கப்பலும் போனது. 1893-ல் நார்வேயின் நான்சென் தன் 'ஃப்ராம்' கப்பலைப் பனியில் சிக்கவைத்து மிதந்தாரே, அதே உத்திதான்.

பனிமேல் ஒரு குட்டி ஊர்

காற்று மண்டலம், கடல்பனி, கடல், உயிர்ச்சூழல், உயிர்-வேதியியல் என ஐந்து குழுக்கள். பனித்தட்டின் மேல் அவர்களுக்கான ஆய்வுக்கூடங்கள் முளைத்தன. காற்றை அளக்க 'மெட் சிட்டி', பனியில் துளையிட்டுக் கடலுக்குள் கருவிகளை இறக்க 'ஓஷன் சிட்டி', பலூன் பறக்கவிட 'பலூன் டவுன்' என்று பெயரும் வைத்தார்கள்.

மாதக்கணக்கில் சூரியனே வராத துருவ இரவு. மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே குளிர். பனிக்கரடி வருகிறதா என்று பார்க்கத் தனிக் காவல். இத்தனைக்கும் நடுவில்தான் வேலை நடந்தது. வெண்பனியை ரேடார் அலை எப்படிக் கடக்கிறது என்பதைப் பனிமேலேயே கருவி வைத்துச் சோதித்தார்கள். அந்த ரேடார் ஆய்வில் பங்கேற்றவர்களில் கேரளத்தைச் சேர்ந்த விஷ்ணு நந்தனும் ஒருவர்.

குறுக்கே வந்த கொரோனா

2020-ல் கொரோனா வந்தது. விமானங்கள் நின்றுபோனதால் ஆட்களை மாற்ற வழியில்லை. மே மாத நடுவில் பனித்தட்டை விட்டுவிட்டு, கப்பலே ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு அருகே வரவேண்டியதாயிற்று. திரும்பிப்போக ஜூன் நடுப்பகுதி ஆகிவிட்டது. கோடை உருகல் தொடங்கும் முக்கியமான வாரங்கள் அவை. மனிதர்கள் நேரில் எடுக்கும் அளவுகள் அப்போது தடைபட்டன. பனியிலேயே விட்டுவந்த தானியங்கிக் கருவிகள் சில, தொடர்ந்து பதிவு செய்தது பெரிய ஆறுதல்.

ஜூலை இறுதியில் அந்தப் பனித்தட்டு துண்டு துண்டாக உடைந்தது. குழு ஓயவில்லை. மீண்டும் வடக்கே சென்று, ஆகஸ்ட் 19 அன்று வட துருவத்தைத் தொட்டது. இன்னொரு பனித்தட்டில் முகாமிட்டு, கடல் மறுபடி உறையத் தொடங்குவதையும் பதிவு செய்துவிட்டே அக்டோபர் 12 அன்று ஜெர்மனிக்குத் திரும்பியது.

உலக சராசரியைவிட வேகமாகச் சூடாகிவரும் பகுதி ஆர்க்டிக். அதன் எதிர்காலத்தைக் கணிக்கும் கணினி மாதிரிகளுக்கு இதுவரை குளிர்கால அளவுகள் போதுமான அளவு கிடைத்ததில்லை. மோசைக் சேகரித்த தரவுகள் 2023 முதல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டுள்ளன. பனித்தட்டு உடைந்து கரைந்துவிட்டாலும், அதன் ஓராண்டுக் கதையை இனி எந்த நாட்டு மாணவரும் எடுத்து ஆராயலாம்!