200 ரூபிள் ஓவியரின் கணக்கில்

உயரம் 91 செ.மீ., அகலம் 85. கிட்டத்தட்டச் சதுரம். வலெந்தின் செரோவ் 1887இல் தீட்டிய ‘பீச் பழங்களுடன் சிறுமி’ என்ற எண்ணெய் வண்ண ஓவியத்தின் அளவு இது. வரைந்தவருக்கு வயது 22. படத்துக்காக உட்கார்ந்திருந்த சிறுமி வேராவுக்கு அதில் சரிபாதி, 11.

படத்தில் உள்ள பழங்கள் நான்கு: மேசைமேல் மூன்று, கையில் ஒன்று. கூடவே ஒரு கத்தி, சில இலைகள். பழம் கடையில் வாங்கியதல்ல. வீட்டுக் கண்ணாடிக் குடிலில் விளைந்தது. மாஸ்கோவுக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தொலைவில் உள்ள அப்ராம்த்செவோ பண்ணைதான் வீடு. ரயில்பாதை முதலாளியான வேராவின் அப்பா சாவ்வா மாமொந்தவ் 1870இல் அதை 15,000 ரூபிளுக்கு வாங்கினார்.

விளையாடிவிட்டு ஓடிவந்த பெண் ஒரு நிமிடம் உட்கார்ந்ததுபோல் படம் இருக்கிறது. அந்த ஒரு நிமிடத்துக்கு ஆன செலவுதான் பெரிது. ஒரு மாதத்துக்கு மேல் வரைந்ததாகவும், பாவம், அந்தப் பிள்ளையை வாட்டி எடுத்துவிட்டதாகவும் செரோவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பழைய மேதைகளைப் போல் முழுமையாக முடிக்க வேண்டும், வண்ணத்தின் பசுமையும் வாடக்கூடாது என்பது அவர் ஆசை. தினமும் இரண்டு மணி நேரம், 30 நாள் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம்: 60 மணி. துணியின் பரப்பு 7,735 சதுர செ.மீ. மணிக்கு 129 சதுர செ.மீ., ஏறக்குறைய ஓர் அஞ்சலட்டை. அதுவும் துறுதுறுப்பான ஒரு 11 வயதுப் பெண்ணை நாற்காலியில் இருத்தி!

வரவு? 1888இல் மாஸ்கோ கலை ஆர்வலர் சங்கம் கொடுத்த பரிசு 200 ரூபிள். அதே ஆண்டு செரோவ் வரைந்த ‘வெயில் படர்ந்த பெண்’ படத்தை 300 ரூபிள் கொடுத்து வாங்கினார் ஓவியச் சேகரிப்பாளர் பாவெல் திரெத்யாகவ். வேராவின் படமோ விலைக்கே போகவில்லை. அவள் அம்மாவுக்குப் பரிசாகி அந்த வீட்டிலேயே தொங்கியது. 1929இல்தான் திரெத்யாகவ் காட்சியகத்துக்கு வந்தது. வேரா அதைப் பார்க்கவில்லை. மூன்று குழந்தைகளை விட்டுவிட்டு 1907இல், 32 வயதில், நிமோனியாவில் இறந்துபோயிருந்தாள்.

அந்தப் படமும் இடம்பெற்ற, 2015–16இல் மாஸ்கோவில் நடந்த செரோவ் கண்காட்சிக்கு வந்தவர்கள் 4.8 லட்சத்துக்கும் மேல். ஜனவரிக் குளிரில் மணிக்கணக்காக வரிசையில் நின்ற கூட்டம் ஒரு நாள் கதவையே உடைத்துவிட்டது.