கேத்தலிற் படியும் வெண்படையும் கூட்டுச்சவ்வும்

வவுனியாப் பகுதியில் வாழும் நேயர்கள் தம் அடுக்களைக் கேத்தலின் உட்புறத்தை ஒருமுறை நோக்குவார்களாக. அங்கே வெள்ளைப் படையொன்று கல்போல் இறுகியிருக்கும். அது நம் கிணற்று நீரிற் கரைந்திருந்த சுண்ணாம்பு.

நீரைக் கொதிக்க வைத்தால் அதன் குற்றமெல்லாம் நீங்கிவிடும் என்பது நம்மவரிடையே வேரூன்றிய எண்ணம். கிருமிகளைப் பொறுத்தவரை அது சரியே. ஈயம், கட்மியம், ஆசனிக்கு முதலியவையோ கொதிநீரில் மடிவதில்லை. நீர் ஆவியாகிக் குறையக் குறைய, எஞ்சிய நீரில் அவற்றின் செறிவு கூடவே செய்கின்றது.

1990களில், அயலிலுள்ள மதவாச்சி, பதவியா முதலிய இடங்களில், நீரிழிவோ குருதியமுக்கமோ இல்லாத உழவர் பலரிடம் சிறுநீரக நோய் காணப்பட்டது. பின்னர் வவுனியா மாவட்ட ஊர்களிலும் அது தெரியவந்தது. கட்மியமே காரணம் என்றனர் சிலர். ஆசனிக்கு என்றனர் வேறு சிலர். புளோரைட்டும் வன்னீரும் சேர்ந்த வினை என்போரும், வயல்வெளி வெப்பத்தைச் சுட்டுவோரும் உளர். வழக்கு இன்னும் தீரவில்லை. தீர்ப்பு வரும்வரை தாகம் பொறுத்திருக்குமா? ஊர்கள் பலவற்றில் நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. அவற்றின் உயிர்நிலை ஒரு மென்சவ்வு.

வடிதுணி மண்ணைத் தடுக்கும். கரைந்த உப்பைத் தடுக்காது. அதற்கு வழி கண்டவர்கள், 1950களின் இறுதியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த சிட்னி லோப், சீனிவாச சௌரிராஜன் ஆகிய இருவர். பின்னவர் பெயரைக் கேட்டதும் திருக்கண்ணபுரத்துப் பெருமாள் நினைவுக்கு வருவார். 1970களில் அமெரிக்கரான ஜோன் கடோட் என்பார் வேறுபட்ட பல்பகுதியங்களை அடுக்கிக் கூட்டுச்சவ்வை ஆக்கினார். அடியில் தாங்குதுணி, நடுவில் நுண்டுளைப் படை, மேலே நைலோன் இனத்தைச் சேர்ந்த மெல்லிய தோல். அத்தோலின் பருமன் மயிரிழையின் நூற்றிலொரு பங்கிலும் குறைவு. வேலையைச் செய்வது அதுவே; மற்றவை அதற்கு முட்டுக்கொடுப்பவை. பம்பியின் அமுக்கத்தால் நீர் அதனூடே புகுந்து செல்லும். நீரிற் கரைந்துள்ள உலோக அயன்களோ மின்னேற்றம் உடையவை. நீர்மூலக்கூறுகளைப் போர்வைபோற் சூடிக்கொண்டிருப்பவை. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை இப்பாலே நின்றுவிடும்.

நின்றவை எங்கே போகும்? சவ்வு உலோகத்தை அழிப்பதில்லை; பிரிக்க மட்டுமே செய்கின்றது. ஒரு குழாயில் நன்னீர் வர, மறுகுழாயில் முன்னிலும் செறிந்த கழிநீர் வெளியேறும். அதைக் கிணற்றருகே ஓடவிட்டால், அதே மண்ணூடாக மீண்டும் கிணற்றை நாடும். கேத்தலிற் கண்ட வெண்படை சவ்வின்மீதும் படியும்; காலந்தோறும் கழுவாவிடின் நீர்வரத்து குன்றும். ஆதலால், குடத்தோடு நிலையத்துக்குச் செல்லும் நேயர்கள், சவ்வு கடைசியாக எப்போது கழுவப்பட்டது, மற்றக் குழாய் எங்கே போகின்றது என்னும் இரண்டையும் பொறுப்பாளரிடம் கேட்டறிந்து வருவார்களாக.