கருமருந்துச் சுழல்துப்பாக்கி

1851ஆம் ஆண்டின் கோல்ட் நேவி சுழல்துப்பாக்கியை இத்தாலியின் பிரெஷியாப் பகுதித் தொழிற்சாலைகள் இன்றும் அதே வடிவிற் செய்கின்றன. அமெரிக்கக் கூட்டரசின் 1968ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றைப் பழம்பொருளெனக் கருதி விலக்களிக்கிறது. மாநிலங்கள் சில அதனை ஏற்பதில்லை. பெயர்தான் பழம்பொருள், உயிர் பறிப்பதில் புதியவற்றுக்கு இளைத்ததன்று!

வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்ந்த கருமருந்தை அறைதோறும் அளந்திட்டு, ஈயக்குண்டை நெம்புகோலால் அழுத்துவர். குண்டு அறையினும் சற்றே பெரிதாதல் வேண்டும். அழுந்துகையில் ஈயம் வளையமாகச் சீவப்பட்டால்தான் வாய் முற்றும் அடைபடும். இடைவெளி இருப்பின் ஓர் அறையின் தீ அடுத்தவற்றுக்குத் தாவி, குழலுக்கு நேரில்லாத குண்டுகளும் பாயும். இதற்கஞ்சியே குண்டின்மேல் கொழுப்பும் பூசுவர். சுட்ட அன்றே வெந்நீரும் சவுக்காரமும் கொண்டு கழுவாவிடில், எஞ்சிய கசடு ஈரத்தை ஈர்த்து இரும்பைத் தின்றுவிடும்.