பில்டு சர்வர் 'அனுமதி இல்லை' என்றால்

உங்கள் கணினியிலிருந்து என்பிஎம்முக்கு ஒழுங்காகப் போன பேக்கேஜ், கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் வழியாகப் போகும்போது மட்டும் அடிபடுகிறதா? பழுதைக் கோடில் தேடாதீர்கள். கணினியில் வெளியிட்டவர் நீங்கள்; சர்வரில் வெளியிடுவது ஒரு டோக்கன். அதற்கு என்ன உரிமை இருக்கிறது என்று பாருங்கள்.

401 வந்தால் டோக்கன் போய்ச் சேரவில்லை அல்லது காலாவதியாகிவிட்டது. 402 பணம் கேட்பதுபோல மிரட்டும். @ குறியில் தொடங்கும் பெயருள்ள புதிய பேக்கேஜைத் தனிப்பட்டதாகவே என்பிஎம் எடுத்துக்கொள்வதால் வருவது அது. 'பப்ளிக்' என்று குறிப்பிட்டால் தீர்ந்தது. 403 என்றால் ஆளைத் தெரிகிறது, உரிமைதான் இல்லை. ஏற்கெனவே வெளியான பதிப்பு எண்ணையே மறுபடி அனுப்பினாலும் இதே 403 வரும்.

ஆளைச் சுற்றவிடுவது 404தான். பேக்கேஜ் தளத்தில் கண்முன்னே இருக்கும், சர்வரோ 'காணவில்லை' என்று சாதிக்கும். பெயரில் எழுத்துப்பிழை தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். வெளியிடும்போது வரும் 404க்கு, பெரும்பாலும் 'உனக்கு அனுமதி இல்லை' என்றே பொருள். டோக்கன் காலியாகவே போயிருக்கலாம்: சீக்ரெட்டின் பெயரைத் தவறாக எழுதினால் கிட்ஹப் பிழை காட்டாது, வெற்றுச்சரத்தை வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். ஃபோர்க்கிலிருந்து வரும் புல் ரிக்வெஸ்டுக்கும் சீக்ரெட் போகாது. அது வேண்டுமென்றே போட்ட பூட்டு.

கிட்ஹப் பேக்கேஜஸில் வெளியிடுவோருக்கு வேறொரு கண்ணி. ஒர்க்ஃபுளோவில் 'பெர்மிஷன்ஸ்' பகுதியில் பேக்கேஜுக்கு எழுதும் உரிமை கொடுத்த உடனே, அங்கே குறிப்பிடாத மற்ற உரிமைகள் பறிபோகும். கோடைப் படிக்கும் உரிமையையும் சேர்த்து எழுதாவிட்டால், தனிப்பட்ட ரெபோவில் செக்அவுட்டே விழும்.

"நேற்றுவரை ஓடியதே" என்பவர்கள் டோக்கனின் வயதைப் பார்க்கட்டும். பழைய கிளாசிக் டோக்கன்களை 2025 டிசம்பரில் என்பிஎம் மொத்தமாக ரத்துசெய்தது. எழுதும் உரிமையுள்ள புதியவற்றுக்கு அதிகபட்ச ஆயுள் 90 நாள்.

என்னைக் கேட்டால், டோக்கனே வேண்டாம். பைத்தானின் பைபிஐ 2023லும் என்பிஎம் 2025லும் கொண்டுவந்த 'டிரஸ்டட் பப்ளிஷிங்'குக்கு மாறிவிடுங்கள். எந்த ரெபோ, எந்த ஒர்க்ஃபுளோ கோப்பு என்பதைத் தளத்தில் பதிந்து, ஒர்க்ஃபுளோவில் ஐடி டோக்கனுக்கு எழுதும் உரிமை தந்தால் போதும். கோப்பின் பெயரைப் பிசகாமல் எழுதுங்கள். பதியும்போது என்பிஎம் அதைச் சரிபார்ப்பதில்லை, தப்பு வெளியிடும் நேரத்தில்தான் தெரியவரும். இந்த முறையில் 'ஹூ ஆம் ஐ' கட்டளை தோற்றாலும் பதற வேண்டாம். வெளியிடும் கணத்தில் மட்டுமே அடையாளம் சரிபார்க்கப்படுகிறது.